மரண அறிவித்தலில் மனிதர் எங்கே?

காலையில் எழுந்ததும் நான் முதலில் படிப்பது மரண அறிவித்தல்களைத்தான். தெரிந்தவர்கள் எவரேனும் போய்விட்டார்களா என்று பார்ப்பதாக வீட்டில் நினைக்கிறார்கள். இந்த வயதில் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால், அண்மைக் காலமாக நான் விரும்பிப் படிப்பவை எனக்கு எந்த வகையிலும் அறிமுகமற்ற மனிதர்களின் மரணச் செய்திகள். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களான அயோவா, கன்சாஸ், மினசோட்டா, நெப்ராஸ்கா முதலியவற்றின் சிற்றூர்களிலிருந்து வரும் வாரப் பத்திரிகைகளில் அவை வெளியாகின்றன. அவற்றை இணையத்தில் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

அங்கே தொண்ணூறு வயது கடந்த ஒரு கிழவி இறந்தால், அவர் எந்தப் பண்ணையில் பிறந்தார், ஓர் அறை மட்டும் கொண்ட எந்தப் பாடசாலையில் படித்தார், வீட்டுக்கு எப்போது மின்சாரம் வந்தது என்றெல்லாம் எழுதுகிறார்கள். 1930களின் புழுதிப் புயல்களின்போது அவருடைய தாயார் ஈரத்துணியால் சன்னல் இடுக்குகளை அடைத்ததைச் சொல்கிறார்கள். தேவாலயத்தின் சமையற்கூடத்தில் நாற்பது வருடம் நின்றதும், அவர் தைத்த ஒட்டுப்போர்வைகளும், கவுண்டிக் கண்காட்சியில் அவருடைய ஊறுகாய்ப் போத்தலுக்குக் கிடைத்த நீல நாடாவும் அதில் வந்துவிடும். ஆண்களென்றால் கொரிய யுத்தம், பசுக்கள், கூட்டுறவுத் தானியக் களஞ்சியம், மீன்பிடித்தல். மீன்பிடித்தல் இல்லாத மினசோட்டாக்காரரின் மரணச் செய்தியை நான் இன்னும் படிக்கவில்லை.

பெரிய மனிதர்கள் அல்லர் இவர்கள். ஊரைவிட்டு ஐம்பது மைல் தள்ளிப் போனால் இவர்களுடைய பெயர் எவருக்கும் தெரியாது. இருந்தும் படித்து முடிக்கும்போது ஒரு மனிதரைச் சந்தித்த உணர்வு எஞ்சுகிறது.

எங்கள் மரண அறிவித்தல் வேறு வகையானது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் அருமைத் தாயாரும், இன்னாரின் மாமியாரும் ஆவார். தகவல் குடும்பத்தினர். இந்த வாய்பாட்டை இழிவாகச் சொல்கிறேன் என்று எவரும் கருத வேண்டாம். நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தந்த வேலையே இவற்றைச் சரிபார்ப்பதுதான். ஒருமுறை ஓர் அறிவித்தலில் இரண்டாவது மகளின் பெயரைத் தவறவிட்டுவிட்டேன். மறுநாள் அந்தப் பெண் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “தம்பி, ஐயாவுக்கு நான் பிள்ளை இல்லையோ?” என்று மட்டும் கேட்டார். உறவு முறைகளின் அந்தப் பட்டியல் எத்தனை பாரமானது என்பதை நான் அன்று அறிந்தேன். போரும் புலம்பெயர்வும் எங்களைச் சிதறடித்த பின்னர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருப்பவர்களை ஒரே பத்தியில் கூட்டிவைக்கும் இடமாகவும் அதுவே இருக்கிறது.

ஆனால், அந்தப் பட்டியலுக்கு நடுவே இறந்தவர் எங்கே? அவர் என்ன செய்தார்? என் தாயார் காலமானபோது, வாழ்நாள் முழுவதும் எழுதியே பிழைத்த நான் எழுதிக் கொடுத்ததும் அதே வாய்பாடுதான். அவர் பனையோலையில் பெட்டி இழைத்து விற்ற காசில் என்னைப் படிப்பித்தார் என்பது அதில் இல்லை. முப்பத்தோராம் நாள் வெளியிடும் கல்வெட்டில் எழுதலாம் என்று இருந்தேன். அங்கும் தேவாரமும் வம்சாவழியும் நன்றி நவிலலும் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அமெரிக்கப் பத்திரிகைகளும் எப்போதும் இப்படி இருந்தவையல்ல. 1960களின் இதழ்களை எடுத்துப் பார்த்தால், மணமான பெண்ணுக்குச் சொந்தப் பெயரே இருக்காது. திருமதி இன்னார் என்று கணவனின் பெயரே இருக்கும். இறந்தவரின் நற்குணங்களை மட்டும் சொல்லும் வழக்கமும் பழையதுதான். இலினோய் மாநிலத்தின் சிற்றூர்களில் வளர்ந்த எட்கார் லீ மாஸ்டர்ஸ் என்ற சட்டத்தரணி 1915இல் வெளியிட்ட ‘ஸ்பூன் ரிவர்’ கவிதைத் தொகுப்பில், மயானத்தில் கிடப்பவர்களே எழுந்து தங்கள் மெய்க்கதையைச் சொல்கிறார்கள். தங்களை அதில் அடையாளம் கண்ட ஊரவர்கள் கொதித்தெழுந்தார்கள். மாஸ்டர்ஸின் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆயினும், செத்த வீட்டில் குறை சொல்லாத பண்பையே நான் விரும்புகிறேன்.

எங்கள் வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொன்றும் இந்த முதியவர்களின் வரலாற்றில் உண்டு. கன்சாஸின் மரியன் கவுண்டிக்கு 1874இல் ரஷ்யாவிலிருந்து ஜெர்மன் மொழி பேசும் மெனோனைட் கிறிஸ்தவர்கள் வந்து குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த குளிர்காலக் கோதுமையே பின்னாளில் அந்த மாநிலத்தைக் கோதுமை மாநிலமாக்கியது. இவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் வீட்டில் ஜெர்மன் பேசி வளர்ந்தவர்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அம்மொழி வெறுக்கப்பட்டது. அயோவாவில் 1918இல் ஆளுநர் ஒருவர், பொது இடத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர்ந்த எதையும் பேசலாகாது என்று பிரகடனமே செய்தார். வீட்டில் முதலில் ஜெர்மன் கற்றவர் என்று மரணச் செய்தியில் ஒரு வரி வரும்போது, அம்மொழியை அக்குடும்பத்தில் கடைசியாகப் பேசியவர் அவராகத்தான் இருப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன். கனடாவில் எங்கள் பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் எண்ணுகிறேன்.

அதே மரியன் ஊரில்தான் ஜோன் மேயர் வாழ்ந்தார். சுமார் 1,900 பேர் வாழும் ஊர் அது. ‘மரியன் கவுண்டி ரெக்கோர்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் கணவரும் அவரும் பல தசாப்தங்கள் உழைத்தார்கள். அது பெரும் நிறுவனமொன்றின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக 1998இல் குடும்பமாகவே அதை வாங்கினார்கள். பழைய இதழ்களிலிருந்து ஊர்ச் செய்திகளை எடுத்துத் தொகுக்கும் பத்தியை அவர் முதிய வயதிலும் செய்துவந்தார். அயலவர்களின் பிறப்பையும் இறப்பையும் அவர்களுக்கே நினைவூட்டிய மனுஷி.

2023 ஓகஸ்ட் 11ஆம் திகதி, பொலிஸார் பத்திரிகை அலுவலகத்துக்குள்ளும் அவருடைய வீட்டுக்குள்ளும் புகுந்தார்கள். ஒருவருடைய வாகனச் சாரதி ஆவணத்தைப் பத்திரிகை முறைகேடாகப் பெற்றது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. உண்மையில் பத்திரிகை அதைப் பிரசுரிக்கவுமில்லை. கணினிகளையும் தொலைபேசிகளையும் எடுத்துச் சென்றார்கள். நடைச் சட்டத்தைப் பிடித்தபடி 98 வயது மூதாட்டி பொலிஸாரைத் தன் வீட்டைவிட்டு வெளியேறும்படி சத்தமிடும் காட்சி கமராவில் பதிவாகியிருக்கிறது. மறுநாள் அவர் இறந்துபோனார்.

இதைப் படித்தபோது, 1981இல் யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்த அந்த நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டது என் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல, அளவிலும் கொடுமையிலும் ஒன்றல்ல. ஆனால், சீருடை அணிந்தவன் அச்சுக்கூடத்துக்குள் நுழையும்போது எழும் அச்சத்தை எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

மரியனில் நடந்தது அத்துடன் முடியவில்லை. ஐந்தே நாட்களில் பத்திரிகை வெளிவந்தது. தேடுதல் ஆணையும் மீளப்பெறப்பட்டது. பொலிஸ் தலைவர் பதவி விலகினார். பத்திரிகையாளர்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று 2024 ஓகஸ்டில் விசேட வழக்குத்தொடுநர்கள் அறிக்கையிட்டார்கள். 2025 நவம்பரில் கவுண்டி நிர்வாகம் 30 இலட்சம் டொலர் அளவில் இழப்பீடு தர இணங்கி வருத்தமும் தெரிவித்தது. உலகப் பத்திரிகைகள் பலவும் ஜோன் மேயருக்கு மரணச் செய்தி எழுதின. பெரும்பாலானவை அவருடைய கடைசி ஒரு நாளையே எழுதின. அதற்கு முந்திய உழைப்பு சில வரிகளுக்குள் அடங்கிவிட்டது. பத்திரிகைக்காரனாக எனக்கு அதன் காரணம் புரிகிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

மற்றவர்களுக்கு அந்தச் சில வரிகளும் இனிக் கிடைக்குமா என்பதுதான் கவலை. 2005ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பத்திரிகைகள் இல்லாமற் போய்விட்டதாக, இலினோயில் உள்ள நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் இதழியல் கல்லூரி கணக்கிட்டிருக்கிறது. எஞ்சியவற்றில் பல, மரணச் செய்திக்கு வரிக்கணக்கில் பணம் கேட்கின்றன. படம் போட்டால் அதற்கு வேறாக. நீண்ட வாழ்க்கைக்கு நூற்றுக்கணக்கில் டொலர் செலவாகும். ஆகவே, ஏழைக் குடும்பம் பெயரையும் திகதியையும் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்கிறது. முன்னர் ஊர்ப் பத்திரிகையின் நிருபர் வீட்டுக்கு வந்து, கேட்டு, எழுதி, இலவசமாகப் போட்ட செய்தி இது. ஒரு மனிதர் இறந்தார் என்பது செய்தியா, விளம்பரமா? செய்தியென்றே நான் சொல்வேன். அதற்குக் கட்டணம் வாங்கத் தொடங்கிய நாளில் பத்திரிகைகள் தம் ஊரைக் கைவிட்டன என்பது என் கட்சி. எங்கள் பத்திரிகைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

புலம்பெயர்ந்த தமிழரின் மரண அறிவித்தல் இணையத்தளங்களில் இப்போது இடத்துக்குக் குறைவில்லை. மருமக்கள், சகலன்மார் வரை பெயர்கள் வரட்டும், ஒன்றையும் வெட்ட வேண்டாம். அவற்றுக்குக் கீழே, அந்த மனுஷி எந்தத் தோட்டத்துக்கு நீர் இறைத்தார், எந்தக் கடையில் கணக்கு எழுதினார், இடம்பெயர்ந்த வருடம் எவருக்குத் தன் வீட்டில் சோறு போட்டார் என்று நான்கு வரிகள் எழுதிச் சேர்த்துவிடுங்கள். கேட்டு எழுத வேண்டியவர்கள் இன்னும் இருக்கும்போதே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. என் தாயாரிடம் நான் கேட்கவில்லை. ஒரு பெட்டியை அவர் என்ன விலைக்கு விற்றார் என்பதுகூட எனக்குத் தெரியாது.