பெயிண்ட் அடித்த துரு

எங்கள் தெருமுனையில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவில் அடியோடு ஒடிந்து விழுந்தது. காலை ஏழரை மணிக்குப் பள்ளி வேனுக்காகப் பிள்ளைகள் நிற்கும் இடம் அது. இரவில் விழுந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் அந்தக் கம்பத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

ஒடிந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். வெளியே பெயிண்ட், உள்ளே துரு, நடுவில் அப்பளம் போல ஒரு இரும்புத் தோல். அவ்வளவுதான் மிச்சம்.

நான் பொறியாளன் அல்ல. எல்.டி.சி.யாகச் சேர்ந்து கோப்புகளோடு முப்பத்தைந்து ஆண்டு குப்பை கொட்டியவன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். கம்பம், கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஏணி என்று இரும்புச் சாமான்களின் பராமரிப்பு பில்கள் என் மேசை வழியாகத்தான் போகும். அதில் எத்தனை லிட்டர் பெயிண்ட், எத்தனை சதுர மீட்டர், எத்தனை கூலி எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். இரும்பு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்ற கணக்கை மட்டும் ஒரு கோப்பிலும் கண்டதில்லை. அப்போது நானும் கேட்கவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு தொழிற்சாலையில் குழாய்களையும் கொதிகலன்களையும் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறான். "தாத்தா, எங்க கம்பெனியில இப்படி விட்டா வேலையே போயிடும்" என்றான். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கருவி கொண்டுவந்தான். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ அளவு. ஒயரின் முனையில் விரல் தடிமனுக்கு ஒரு உணர்முனை. இரும்பின் மேல் ஒரு சொட்டு ஜெல் தடவி அதை வைத்து அழுத்தினால் திரையில் தடிமன் வந்துவிடுகிறது. மறுபக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். துளை போடவும் வேண்டாம்.

இதன் தத்துவம் எனக்குப் புதிதல்ல. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1880இல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ழாக்கும் கண்டுபிடித்ததை எங்கள் இயற்பியல் ஆசிரியர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும். முதல் உலகப்போரில் போல் லான்ஷ்வேன் அதை வைத்து நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி செய்தார். கடலுக்குள் ஒலி அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதுதான் வழி. அதையேதான் இந்தக் கருவி இரும்புக்குள் செய்கிறது. எஃகில் ஒலி விநாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். 10 மி.மீ. தகட்டில் போய்த் திரும்ப, ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 3.4 பங்கு நேரம்தான். அந்த நேரத்தை அளந்து கருவி தடிமன் சொல்கிறது.

எஞ்சிய கம்பங்களில் ஒன்றை அளந்தோம். நெஞ்சு உயரத்தில் 4.1 மி.மீ. தரையை ஒட்டி மண்ணை ஒரு சாண் தோண்டி, துருவைச் சுரண்டி வைத்தபோது 1.7. இரண்டுக்கும் மேல் ஒரே பெயிண்ட், ஒரே பளபளப்பு.

ஓய்வுபெற்ற பொறியாளர் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "நாற்பது வருஷ அனுபவம் சார், கண்ணால பார்த்தே சொல்லிடுவேன்" என்றார். அனுபவத்தை மதிக்கிறேன். சுத்தியலால் தட்டிப் பார்ப்பதிலும் பயன் உண்டு. ஆனால் கண் பார்ப்பது மேல்தோலை மட்டும். குழாய்க் கம்பத்தின் உட்பக்கத்தை எந்தக் கண் பார்த்தது? விழுந்த கம்பத்தையும் யாரோ கண்ணால் பார்த்துத்தானே பெயிண்ட் அடித்தார்கள்?

"செலவு" என்பார்கள். சாதாரணக் கைபேசி விலைக்கே இந்தக் கருவி கிடைக்கிறது. ஒரு தெருவுக்கு அடிக்கும் பெயிண்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் கருவி வாங்கி அலமாரியில் பூட்டினாலும் பயனில்லை. தெரியாதவர் கையில் கொடுத்தால் ஆபத்து. பையன் சொன்னதில் என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான்: பெயிண்ட்டில் ஒலி மெதுவாக ஓடும். சாதாரண முறையில் பெயிண்ட் மேலேயே வைத்து அளந்தால், அரை மி.மீ. பெயிண்ட்டைக் கருவி 1.2 மி.மீ. இரும்பாகக் கணக்குப் போட்டுவிடும். 2 மி.மீ. கம்பம் 3.2 என்று காட்டும்! ஆண்டுதோறும் பெயிண்ட் ஏற ஏற இரும்பு வளர்வது போலக் கணக்கு வரும். எந்த ஒப்பந்தக்காரருக்கு இது கசக்கும்? ஆகவே பெயிண்ட்டைச் சுரண்டி அளக்க வேண்டும். இல்லையேல் அடுத்தடுத்த இரண்டு எதிரொலிகளின் இடைவெளியை வைத்துப் பெயிண்ட்டைக் கழிக்கும் வசதியுள்ள கருவி வேண்டும். அளக்கும் முன் தடிமன் தெரிந்த துண்டு ஒன்றில் கருவியைச் சரிபார்க்கவும் வேண்டும்.

இன்னொன்று, சராசரி. எங்கள் குமாஸ்தா இனத்துக்குச் சராசரி மேல் தீராத காதல். 4.1, 3.9, 1.7 மூன்றையும் கூட்டி வகுத்தால் 3.2 வரும். கோப்பு அழகாக இருக்கும், கம்பம் 1.7இல் ஒடியும். மிகக் குறைந்த அளவுதான் கணக்கு.

என் கோரிக்கை பெரிதல்ல. கடற்கரை ஊரில் பொது இடத்து இரும்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு பக்கம், குறித்துவைத்த அதே இடங்களில் குறித்த காலத்தில் அளவு. இந்த ஆண்டு 4.2, மூன்றாண்டு கழித்து 3.6 என்றால் ஆண்டுக்கு 0.2 போகிறது. 3 மி.மீ. கடைசி எல்லை என்று பொறியாளர் வைத்திருந்தால், இன்னும் மூன்றே ஆண்டு. இதற்கு மேதை தேவையில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்த ஒரு குமாஸ்தா போதும். அந்தப் பக்கம் நிரம்பாமல் பெயிண்ட் பில்லை அனுமதிக்கக் கூடாது.

நாங்கள் அளந்த எண்களை எழுதி, தேதி போட்டு, உரிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வேன் நிற்கும் இடத்தை மட்டும் பெற்றோர்களிடம் சொல்லி இருபது அடி தள்ளி வைத்திருக்கிறோம்.

போன வாரம் பெயிண்ட் டப்பாக்களோடு ஆட்கள் வந்தார்கள். 1.7 மி.மீ. கம்பம் இப்போது புத்தம் புதிதாக மின்னுகிறது.