முதலில் வலியை நம்புவோம்



தோலுக்கடியில் உருளும் கொழுப்புக் கட்டியைக் காட்டினால், “சாதாரணக் கட்டிதான், ஒன்றும் செய்யாது” என்பார் டாக்டர். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் அரிதாகச் சிலருக்கு அந்தக் கொழுப்பே உயிர் போகிற மாதிரி வலிக்கும். லேசாகக் கை பட்டாலும் துடித்துப்போவார்கள். அதற்கு டெர்கம் நோய் என்று பெயர்.

பிரான்சிஸ் சேவியர் டெர்கம், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நரம்பியல் மருத்துவர். பின்னாளில் 1919-ல் ஜனாதிபதி உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபோது சிகிச்சைக்கு அழைக்கப்பட்டவர். 1888-ல் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதினார். 1892-ல் மூன்று நோயாளிகளைப் பற்றி இன்னொரு கட்டுரை. பார்வைக்கு உடல் பருமன், ஆனால் கூடவே நரம்பு சார்ந்த அறிகுறிகள் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

அந்த நரம்புப் புதிர் இன்னும் முழுதாக அவிழவில்லை. இந்த நோய் பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கே வருகிறது. வலியோடு தீராத அசதி, தூக்கமின்மை, மறதி, மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளலாம். பெருகிய கொழுப்பு நரம்பை நெரிக்கிறதா, கொழுப்புத் திசுவின் அழற்சி நரம்பைச் சீண்டுகிறதா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினை டிரிப்ஸில் ஏற்றியபோது சிலருக்கு வலி தணிந்திருக்கிறது. நரம்புவலிக்குத் தரும் பிரிகாபலினும் சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது. டெர்கம் நரம்பைச் சந்தேகித்தது வீண்போகவில்லை.

இந்த நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கி, நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், எடையைக் குறைங்க” என்ற பதிலோடு பலர் திரும்பிவிடுவது இதனால்தான். எடை குறைவது உடம்புக்கு நல்லது. இந்த வலி அதனால் போய்விடும் என்ற உத்தரவாதம் இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது கொழுப்புத் திரண்ட இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வலி இருந்தால், எங்கே, எப்போது, எவ்வளவு என்று குறித்துக்கொண்டு நரம்பியல் அல்லது வலி சிகிச்சை நிபுணரிடம் அழைத்துப் போங்கள். குண்டாக இருப்பவர் வலிக்கிறது என்றால், முதலில் நம்புங்கள். எடையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்