அகதிப் பிள்ளைகளின் கல்வி: தேவாலயங்கள் கேட்கவேண்டிய கேள்வி

மலேசியாவில் ஐநா அகதிகள் ஆணையத்திடம் (யுஎன்எச்சிஆர்) பதிந்துகொண்ட அகதிகளும் அடைக்கலம் கோருவோரும் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகம். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்யா, சின் இனத்தவர். இலங்கைத் தமிழரும் அவர்களில் உண்டு. கணிசமானோர் வாழ்வது கிள்ளான் பள்ளத்தாக்கில். ஆனால், மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இணையவில்லை. நமது 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்று தனிப் பிரிவும் இல்லை. உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவரும் அனுமதியின்றி வேலைக்கு வந்தவரும் அதன் பார்வையில் ஒன்றுதான்.

இதன் சுமை முதலில் விழுவது பிள்ளைகள் மீது. 2003இல் நடப்புக்கு வந்த கட்டாயத் தொடக்கக் கல்வி குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. 1995இல் ஐநா சிறார் உரிமை ஒப்பந்தத்தை ஏற்றபோதும், இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி பற்றிய விதிக்கு மலேசியா விலக்கு வைத்துக்கொண்டது. ஆகவே, அகதிப் பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. எஸ்பிஎம் எழுதும் வழியும் பெரும்பாலோருக்கு இல்லை.

அந்த இடைவெளியைக் கற்றல் மையங்கள் ஓரளவு நிரப்புகின்றன. அகதிச் சமூகங்களும் தொண்டு நிறுவனங்களும் பல சமயத்தினரும் அவற்றை நடத்துகின்றனர். கிறிஸ்தவர்களின் பங்கு இதில் பெரிது. போதகர் எலிஷா சத்விந்தரும் அவர் மனைவி பெட்ரினாவும் 1998இல் செந்தூலில் தொடங்கிய டிக்னிட்டி அறநிறுவனம், ஏழைப் பிள்ளைகளுக்கும் அகதிப் பிள்ளைகளுக்கும் கல்வி அளித்து வருகிறது.

கிறிஸ்தவர்களுக்கு இது அந்நியமான கடமை அன்று. குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு அவர் பெற்றோர் எகிப்துக்குத் தப்பியோடியதை நற்செய்தி சொல்கிறது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழில் வழிபாடு நடக்கும் தேவாலயங்களை வளர்த்தவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. 2018 உலகக் குடிபெயர்ந்தோர் தினச் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் நான்கு கடமைகளை முன்வைத்தார்: வரவேற்பது, பாதுகாப்பது, மேம்படுத்துவது, ஒருங்கிணைப்பது. வரவேற்பதையும் மேம்படுத்துவதையும் ஒரு தேவாலயம் தன் மண்டபத்திலேயே தொடங்கிவிடலாம். ஆனால், கைதிலிருந்து பாதுகாப்பதும் சமுதாயத்தில் ஒருங்கிணைப்பதும் சட்டத்தின் கையில் உள்ளன. அங்கே தொண்டு மட்டும் போதாது. கொள்கையைப் பற்றியும் பேசவேண்டும்.

அப்படிப் பேசியவர் ஐரின் பெர்னாண்டஸ். கேரளாவிலிருந்து ரப்பர்த் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் மகள். ஆசிரியைப் பணியை விட்டு, இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்தார். 'பார், ஆராய், செயல்படு' என்பதே அந்த இயக்கத்தின் வழிமுறை. 1991இல் தெனாகானித்தா அமைப்பை உருவாக்கினார். 300க்கும் மேற்பட்ட அந்நியத் தொழிலாளர்களிடம் பேட்டி கண்டு, தடுப்பு முகாம்களின் நிலையை 1995இல் அறிக்கையாக வெளியிட்டார். பொய்ச் செய்தி வெளியிட்டதாக 1996இல் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 2003இல் 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2008 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2014இல் அவர் காலமானார்.

"நம் பிள்ளைகளே அடையாள அட்டை இல்லாமல் அலையும்போது அந்நியருக்கு எதற்கு?" என்று நம்மவர் கேட்பதுண்டு. நியாயமான ஆதங்கம்தான். ஆனால், இரு தரப்புப் பிள்ளைகளும் நிற்பது ஒரே கதவின் முன். ஆவணம் இல்லையென்றால் பள்ளி இல்லை என்பதே அந்தக் கதவு. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால், ஆவணமில்லாத பிள்ளையையும் அரசாங்கப் பள்ளியில் சேர்க்க 2019இல் விதி தளர்த்தப்பட்டது. அதனால் இந்தியப் பிள்ளைகளும் பயனடையலாம். ஆவணத்தைவிடப் பிள்ளையின் படிப்பு முக்கியம் என்று வாதாடினால் இரு தரப்புக்கும் நன்மை.

எல்லையைக் காக்கும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. அதை மறுக்கத் தேவையில்லை. சிறிய மாற்றங்கள் சாத்தியம் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. தடுப்பு முகாம்களில் இருந்த சிறாருக்காக 2023இல் நீலாயில் பைத்துல் மஹாபா இல்லம் திறக்கப்பட்டது. முகாமைவிட அது மேல். ஆயினும் அதுவும் தடுப்புக்காவலே. இன்னொரு பக்கம், 2019 ஆகஸ்ட் முதல் யுஎன்எச்சிஆர் அதிகாரிகளுக்குக் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் அனுமதி மறுக்கப்பட்டது.

ஞாயிறு பள்ளியிலும் இளையோர் குழுவிலும் இருக்கும் நம் மாணவர்கள் கற்றல் மையத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போகலாம். போகவும் வேண்டும். அங்கே ஒரு கேள்வி தானாக எழும்: நாம் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை 17 வயதில் எந்தத் தேர்வை எழுதும், எந்த வேலைக்குச் சட்டப்படி போகும்? அந்தக் கேள்வியைத் தங்கள் சபைத் தலைவர்களிடமும், தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் கேட்பது வகுப்பு எடுப்பதைப் போலவே முக்கியமான தொண்டு.