மருந்து யார் கையில்?

பல முதியோர் இல்லங்களில் வேளாவேளைக்கு மருந்து கொடுப்பவர் நர்ஸ் அல்ல, ஆயாதான். பிழைப்புத் தேடி வந்த நம் பெண்களும் அவர்களில் உண்டு.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளதும் விற்கிறது, 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. 40-க்குரிய சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை அதே கோடு வரை ஏற்றினால் இரண்டரை மடங்கு உடம்பில் இறங்கும். உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்லித் தராமல் சிரிஞ்சைக் கையில் கொடுத்துவிட்டு, தவறு நேர்ந்ததும் ஆயாவை வேலையை விட்டு நீக்குவது என்ன நியாயம்?

2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்க வழி செய்கிறது. அங்கே மருந்தை யார் கொடுப்பது என்று அது சொல்லவில்லை. ஊசியை நர்ஸ் மட்டுமே போட வேண்டும். மாத்திரை கொடுப்போருக்குப் பயிற்சியும், கொடுத்த நேரத்தைக் குறிக்க நோட்டும் வேண்டும். மாநில அரசுகள் இதை விதியாக்க ஆவன செய்யுமா?