சாக்குக்குப் பின்னால் ஒரு வயல்

ஆவணி மாதத்தில் நதியா, முர்ஷிதாபாத் ஜில்லாக்களின் வழியே ரயிலில் செல்லும் நம்மவர் பலர் ஜன்னலை மூடிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். குட்டைகளில் சணல் ஊறி அழுகும் நாற்றமே அதற்குக் காரணம். வங்கக் குடியானவனுடைய வரவு செலவு பெரும்பாலும் அந்தக் குட்டையில்தான் கிடக்கிறது.

சணலுக்குத் 'தங்க நார்' என்று பெயர். அந்தத் தங்கத்தில் பயிரிட்டவன் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. 1855-இல் ரிஷ்ராவில் முதல் ஆலை ஏற்பட்டது முதல் ஹூக்ளியின் இரு கரைகளிலும் ஆலைகள் பெருகின. 1947-இல் தேசம் பிரிந்தபோது ஆலைகள் இப்பக்கமும், சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி அப்பக்கமுமாக நின்றன. அக்குறையை ஈடுசெய்யவே இங்கு சணல் சாகுபடி விரிவாயிற்று.

இன்று இந்நாரை நம்பி வாங்குவோர் யார்? சரக்கு ஆபீஸில் குமாஸ்தாவாகிய எனக்கு அதன் விடை தினமும் கண்முன் அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உணவு தானியம் முழுவதையும், சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கையும் சணற்சாக்கில் கட்டவேண்டும் என்று சர்க்கார் விதித்துள்ளது. ஆலை உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு சாக்கு. அதில் நூற்றுக்கு 85 சர்க்காரின் தானியக் கொள்முதலுக்கே போகிறது. ஆகவே சட்டமே இப்பயிரின் சந்தை எனலாம். பிளாஸ்டிக் பை இதனினும் மலிவு. 2020-இல் தொற்றுநோயால் ஆலைகள் மூடிக்கிடந்தபோது தானியத்தை அதில் கட்டவும் அனுமதி தரப்பட்டது. சணலில் அழகிய கைப்பைகள் செய்து ஏற்றுமதி செய்யலாம் என்கிறார்கள். செய்யட்டும், ஆனால் கைப்பை, கோதுமை மூட்டையின் இடத்தை நிரப்பிவிடாது.

விலையோ ஊஞ்சலாடுகிறது. 2020 மே மாதத்து அம்பான் புயல் தென்வங்கத்துப் பயிரைச் சாய்த்தது. நார் அருகி விலை ஏறிற்று. 2021 செப்டம்பரில் குவிண்டாலுக்கு 6,500 ரூபாய் என உச்சவரம்பு விதித்தார்கள். அவ்விலைக்கு நார் கிட்டாமல் சில ஆலைகள் கதவடைத்தன. 2022 மே மாதத்தில் வரம்பு நீங்கியது. 2023 அறுவடையிலோ பல சந்தைகளில் விலை, ஆதரவு விலையாகிய 5,050 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2025-26-க்கு அறிவித்த ஆதரவு விலை 5,650 ரூபாய். அது மூன்றாந்தர நாருக்கு. தரம் தாழ்ந்தால் விலையும் தாழும்.

தரம் நிர்ணயமாவது நீரில். அறுத்த தட்டையைப் பதினைந்து இருபது நாள் ஊறவைத்து, இடுப்பளவு நீரில் நின்று நாரை உரிக்கிறார்கள். செலவில் பெரும்பகுதி இக்கூலிகளே. மழை பொய்த்தால் உள்ள நீரிலேயே, சேற்றையும் வாழைத்தண்டையும் பாரமாக ஏற்றி ஊறவைக்கிறார்கள். நார் கறுத்துவிடுகிறது. பாரக்பூர் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென ஒரு நுண்ணுயிர்த் தூள் தந்திருக்கிறார்கள். ஊறும் காலம் ஒரு வாரமளவு குறைகிறது, நாரின் நிறமும் தெளிகிறது.

நல்ல காரியந்தான். ஆயினும் கடனுக்கு ஈடாக வாசலிலேயே வந்து நாரை எடுத்துச் செல்லும் வியாபாரி, கறுத்ததற்கும் தெளிந்ததற்கும் ஒரே விலை வைத்தால் தூளுக்குச் செலவிட யார் முன்வருவார்? 1971-இல் தோன்றிய சணல் கழகம் தரம் பார்த்து ஆதரவு விலை தருகிறது. ஆனால் அதன் கொள்முதல் நிலையம் வரை செல்லும் வண்டிக் கூலியும், பணம் வரும்வரை காத்திருக்கும் நாட்களும் குடியானவன் கணக்கில்தான் ஏறுகின்றன.