கைபேசி ரேடியோ: ஒரே சிப்புக்குள் எது இருக்க வேண்டும், எது இப்போது வேண்டாம்

இந்தியா பொதுப்பணத்தில் ஒரு கைபேசி டிரான்ஸீவரை, அதாவது சிக்னலை அனுப்பவும் பெறவும் செய்யும் ரேடியோ சிப்பை, வடிவமைக்க வேண்டும் என்பதில் எங்கள் சங்கத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி வடிவமைப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. ஆர்எஃப் பொறியாளர்களும் அத்துறையைக் கற்பிப்பவர்களும் கூடி எடுத்த முடிவு இது: நாட்டில் புழங்கும் பேண்டுகள் அனைத்தையும் ஒரே டிரான்ஸீவர் சிப் கையாள வேண்டும். ஆனால் அந்த டிரான்ஸீவரையும், சிக்னலை டிஜிட்டலாகக் கையாளும் பேஸ்பேண்ட் பிராசஸரையும் ஒரே சிலிக்கானில் சேர்க்கும் முயற்சிக்கு இப்போது பணம் ஒதுக்கக் கூடாது.

முதல் பகுதிக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இங்குள்ள நெட்வொர்க்குகள் 700 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 850, 900, 1800, 2100, 2300, 2500 எனப் போய் 3300-க்கு மேலும் இயங்குகின்றன. பேண்டுக்கு ஒரு ரேடியோ வைத்தால் போர்டில் இடம் போதாது. உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடும் ஆஸிலேட்டரை இரண்டாலும் நான்காலும் வகுத்துப் பல பேண்டுகளை எட்டும் வழியும், வந்த சிக்னலை நேரடியாகப் பூஜ்ய அதிர்வெண்ணுக்கு இறக்கிச் சிப்புக்குள்ளேயே வடிகட்டும் வழியும் நன்கு நிலைபெற்றவை. ஆன்டெனாவை ஒட்டிய ஃபில்டர்களும் பவர் ஆம்ப்ளிஃபயரும் வெளியில்தான் இருக்கும். அவற்றையும் உள்ளே கொண்டுவருவதாக ஒரு முன்மொழிவு சொன்னால், மதிப்பீட்டுக் குழு அதைத் துருவிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது பகுதிதான் சர்ச்சைக்குரியது. ஜிஎஸ்எம் கைபேசிகளில் டிஜிட்டல் சர்க்யூட்டுகளுக்குப் பரவலாக இருந்த கடிகாரம் 26 மெகாஹெர்ட்ஸ். அதன் 36-ஆவது மடங்கு 936 மெகாஹெர்ட்ஸ். 900 பேண்டில் ஐந்தாம் சேனலின் இறங்குவழி அதிர்வெண்ணும் அதுவே. கடிகாரத்தின் கசிவு சிலிக்கான் அடித்தளம் வழியே ரிசீவருக்குள் நுழைந்தால், அந்தச் சேனலில் தொலைவிலுள்ள டவரின் மெல்லிய சிக்னல் மூழ்கிவிடும். ரிசீவர் வெளியிலிருந்து வருவதையும் தாங்கியாக வேண்டும். விரும்பும் சிக்னலைவிடச் சுமார் நான்கு கோடி மடங்கு வலுவான அந்நிய சிக்னல் 3 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நின்றாலும் அழைப்பு அறுபடக் கூடாது என்பது ஜிஎஸ்எம் தரநிலையின் நிபந்தனை. இவ்வளவு நுட்பமான சர்க்யூட்டின் பக்கத்தில் கோடிக்கணக்கான டிஜிட்டல் கேட்டுகளை ஓடவிடுவது இசைக் கச்சேரி நடக்கும் மேடையிலேயே மாவு மில்லை ஓட்டுவதற்குச் சமம்.

செலவுக் கணக்கும் இதையே சொல்கிறது. டிரான்ஸிஸ்டர் சுருங்கும், இண்டக்டர் அதே வேகத்தில் சுருங்காது. 28 நானோமீட்டரில் ஓர் இண்டக்டர் பிடிக்கும் பரப்பு 5 நானோமீட்டரிலும் பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் அங்கே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் விலை பல மடங்கு. முதல் டேப்-அவுட்டிலேயே, அதாவது வடிவமைப்பை ஆலைக்கு அனுப்பி அச்சிடும் முதல் சுற்றிலேயே, சரியாக வரும் ஆர்எஃப் சிப் அபூர்வம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரேடியோவும் பிராசஸரும் ஒரே சிலிக்கானில் இருந்தால், ரேடியோவின் ஒரு பிழைக்காக நன்றாக வேலை செய்யும் பிராசஸரையும் மறுபடி அச்சிட வேண்டிவரும். நிதி குறைந்த திட்டம் அதோடு படுத்துவிடும்.

எதிர்த்தரப்பு டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸை முன்வைக்கிறது. அந்த வாதத்தை நாங்கள் மதிக்கிறோம். 2000-களின் நடுவில் அந்நிறுவனம் ஆஸிலேட்டரையே டிஜிட்டலாக்கி, ஜிஎஸ்எம் ரேடியோவையும் பேஸ்பேண்டையும் ஒரே சிப்பில் இணைத்துக் காட்டியது. மலிவு விலைக் கைபேசிகளுக்கு அது பெரிய சாதனை. ஆனால் ஜிஎஸ்எம் கைபேசி பேசுவதும் கேட்பதும் வெவ்வேறு நேரக் கூறுகளில். 4ஜி-யின் பல பேண்டுகளில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. போதாததற்குப் பல கேரியர்களை இணைத்தும் பெற வேண்டும். அதனால்தான் உயர்விலைக் கைபேசிகளில் இன்றும் டிரான்ஸீவர் தனிச் சிப்பாக இருக்கிறது.

சிப்பை எங்கே அச்சிடுவது என்பதையும் பார்க்க வேண்டும். தோலேராவில் டாடா, தைவானின் பவர்சிப்புடன் சேர்ந்து அமைக்கும் சிப் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. அங்கு திட்டமிடப்பட்டுள்ள தொழில்நுட்பங்களில் மிகச் சிறியது 28 நானோமீட்டர். நல்லதொரு டிரான்ஸீவருக்கு அது போதும், நவீன கைபேசிப் பிராசஸருக்குப் போதாது. ஸ்ரீபெரும்புதூரில் கைபேசிகளைப் பூட்டி அனுப்புகிறோம், அவற்றுக்குள் இருக்கும் ரேடியோ வெளியிலிருந்து வருகிறது. உள்நாட்டில் வடிவமைத்து உள்நாட்டிலேயே அச்சிடும் வாய்ப்பு டிரான்ஸீவரில்தான் முதலில் கைகூடும்.

முதல் இலக்காகக் கைபேசியையே பிடிக்க வேண்டும் என்றில்லை. நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மின்மீட்டர்கள் பொருத்துவது அரசின் திட்டம். அவற்றில் கைபேசி நெட்வொர்க் வழியே பேசுபவற்றுக்கு வேகம் குறைந்த, பல பேண்ட் ரேடியோ போதும். அந்த வகையில் ரேடியோவும் பிராசஸரும் சேர்ந்த சிப்புகள் சந்தையில் உண்டு என்பதை அறிவோம். டிரான்ஸீவர் களத்தில் நிலைபெற்ற பிறகு நாமும் அந்த இணைப்பைச் செய்யலாம். அதற்கு முன் கூடாது.

ஒவ்வொரு நிதி ஒதுக்கீட்டிலும் இரண்டாவது டேப்-அவுட்டுக்கான தொகை தொடக்கத்திலேயே சேர்க்கப்பட வேண்டும். அளவீட்டுக் கருவிகளுக்கும் தனி ஒதுக்கீடு வேண்டும். சிமுலேஷனோடு நின்று பட்டம் பெறும் மாணவர் கசிவையும் இரைச்சலையும் கண்ணால் பார்ப்பதில்லை. மொகாலியிலுள்ள அரசு ஆலையின் 180 நானோமீட்டர் தொழில்நுட்பம் 900 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் ஒன்றைச் செய்து பழகத் தாராளமாகப் போதும். ஆர்எஃப் முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் அங்கே ஒரு சிப் அச்சிட்டு, அதைத் தம் கையால் அளந்து பார்த்த பின்பே படிப்பை முடிக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.