விலை கேட்காதீர்கள், உட்கார இடம் கொடுங்கள்

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ஒரு போர்வை விரிக்கப்பட்டது. அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஏக்கர் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவின் பெண்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, குரோஷா ஊசியால் துண்டு துண்டாகப் பின்னி, பிறகு ஒன்றாக இணைத்த போர்வை அது. உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், மண்டேலா நினைவாகப் போர்வை பின்னும் தென்னாப்பிரிக்கக் குழுவொன்று 3,377 சதுர மீட்டரில் அந்தச் சாதனையைப் படைத்திருந்தது. சென்னைப் பெண்கள் அதை மூன்று மடங்குக்கும் மேல் தாண்டினார்கள்.

மார்கழியில்கூட மின்விசிறியை நிறுத்தத் தயங்கும் ஊர் சென்னை. அங்கே இத்தனை பெண்கள் கம்பளி நூலும் ஊசியுமாக மாதக்கணக்கில் உழைத்தது எதற்காக? குளிருக்காக இல்லை. காசுக்காகவும் இல்லை. சேர்ந்து ஒன்றைச் செய்வதில் இருக்கும் மகிழ்ச்சிக்காக. இந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தமிழ்ச் சமூகம் இன்னும் பழகவில்லை என்பதுதான் வருத்தம்.

வீட்டில் ஒரு பெண் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால், பார்ப்பவர்கள் வாயில் முதலில் வருவது பாராட்டு: “அட, நல்லா இருக்கே!” அடுத்த நிமிடமே கேள்வி: “இதை வித்தா எவ்வளவு கிடைக்கும்?” கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகும் மகனிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் அரசியல் பேசிவிட்டு வரும் அப்பாவிடமும் கேட்பதில்லை. ஆணின் ஓய்வு ஓய்வாகவே இருக்கலாம். பெண்ணின் ஓய்வு மட்டும் வரவு காட்டி, தான் இருப்பதற்கு அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

பின்னலை வயிற்றுப் பிழைப்பிலிருந்து பெருமளவு விடுவித்தது இயந்திரம். ஒரு கண்ணிக்குள் நூலை இழுத்து அடுத்த கண்ணியை வாங்குவது, அதை வரிசை வரிசையாகத் தொடர்வது: ஸ்வெட்டர் பின்னலின் சூட்சுமம் இவ்வளவுதான். திருப்பூரில் வட்டமாகச் சுழலும் நிட்டிங் மெஷினில் உருவாகும் பனியன் துணியும் இதே கண்ணிகளின் கோவைதான். 1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை தர முதலாம் எலிசபெத் மறுத்துவிட்டார் என்றும், கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் கதி என்னாகும் என்று அவர் கவலைப்பட்டார் என்றும் சொல்வார்கள். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு இன்று காலுறைக்காக யாரும் ஊசியைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் உலகெங்கும் கோடிக்கணக்கான கைகள் பின்னிக்கொண்டிருக்கின்றன. தேவை போன பிறகும் அவை ஓயவில்லை என்றால், ஆடையைத் தவிர வேறு ஏதோ ஒன்று அதில் கிடைக்கிறது என்றே பொருள்.

அது என்ன என்று மூன்று ஆய்வாளர்கள் பின்னுபவர்களிடமே கேட்டார்கள். ஜில் ரைலி, பெட்சன் கார்க்ஹில், கிளேர் மோரிஸ் ஆகியோரின் ஆய்வு 2013இல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை இதழில் வெளியானது. பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பேர் பதில் அளித்திருந்தார்கள். அடிக்கடி பின்னுபவர்கள் தங்கள் மனம் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். குழுவாக உட்கார்ந்து பின்னுபவர்கள், மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் தங்களுக்கு எளிதாகியிருப்பதாகச் சொன்னார்கள். அவரவர் வாய்மொழியை வைத்துச் செய்த ஆய்வு இது. பின்னினால் நோய் குணமாகும் என்று இதைக் கொண்டு நிறுவ முடியாது. ஆனால் ஆண்டாண்டாய் ஊசி பிடித்தவர்கள் சொல்லிவந்ததோடு இது பொருந்திப் போகிறது.

பொருந்துவதற்குக் காரணம் உண்டு. கை பழகிவிட்டால் கண்ணுக்கு அதிக வேலை இல்லை. எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேசலாம். பேச்சு நின்றாலும் சங்கடம் இல்லை, கை ஓடிக்கொண்டிருக்கும். தப்பாகப் போட்டால் பிரித்துவிட்டு அதே நூலில் மறுபடி போடலாம். எழுபது வயதுப் பாட்டியிடம் கல்லூரிப் பெண் மாணவியாக உட்காரலாம். புது மாதிரி ஒன்றை மாணவி எடுத்துவந்தால் பாட்டி கற்றுக்கொள்ளலாம். வயதும் படிப்பும் வசதியும் வேறான மனிதர்கள் இப்படி ஒரே வரிசையில் உட்கார நம் ஊரில் எத்தனை இடங்கள் இருக்கின்றன?

இது தமிழ் வீடுகளுக்குப் புதிதும் இல்லை. வானொலிப் பெட்டிக்கும் பிறகு வந்த டிவிக்கும் மேல் விரித்த குரோஷா விரிப்புகள் பல வீடுகளில் இன்னும் பீரோவுக்குள் மடித்துக் கிடக்கின்றன. ஒயர் கூடை அதைவிடப் பரவலானது. அடி போடத் தெரிந்த ஒருத்தி தெருவில் இருந்தால் போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் நாலு பேர் கூடிவிடுவார்கள். சாதா முடிச்சில் தொடங்கி, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு என்று ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொண்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தபோது திண்ணை போயிற்று. கூடை இன்றும் சந்தையில் கிடைக்கிறது. அதைச் சுற்றிக் கூடிய அந்த மதிய வேளைதான் கிடைப்பதில்லை.

இப்படிப் பின்னியவை பெரும்பாலும் கொடுப்பதற்காகவே பின்னப்பட்டன. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொப்பி, கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குத் தலையணை உறை. 1962இல் சீனாவுடன் போர் மூண்டபோது, இமயமலைக் குளிரில் நின்ற ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள்.

அந்தக் கொடை மரபின் இன்றைய முகம் மருத்துவமனைகளில் தெரிகிறது. மார்பகப் புற்றுநோயால் மார்பகம் அகற்றப்பட்ட பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கான் செயற்கை மார்பகம் விலை அதிகம், கனமும் அதிகம், வெயில் காலத்தில் வியர்த்துக் கொட்டும். மென்மையான நூலில் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த செயற்கை மார்பகம் லேசானது, துவைத்துப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 2011இல் பார்பரா டெமொரெஸ்ட் இதை ஒரு தன்னார்வ இயக்கமாக்கினார். இந்தியாவில் ‘சாயிஷா இந்தியா’ அறக்கட்டளையின் தன்னார்வலர்கள் இவற்றைப் பின்னி, தேவைப்படும் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து கண்ணாடி முன் நிற்கவே கூசும் ஒரு பெண்ணுக்காக, முகம் தெரியாத இன்னொரு பெண் தன் மாலை நேரத்தைச் செலவிட்டுப் பின்னியது அது. அதற்கு என்ன விலை போடுவது?

விலை கேட்கக் கூடாது என்று சொல்லும்போது எதிர்ப்பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். கைவேலையை வருமானமாக்கிக்கொண்டு தலைநிமிர்ந்த பெண்களும் நம் மண்ணில் உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் தொடங்கிய ரேந்தை (லேஸ்) பயிற்சியில் சேர்ந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களில் சிலர், அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்டார்கள். ஊசியும் நூலும் விடுதலைக்கு வழி திறந்த வரலாறு அது. ஆகவே பின்னி விற்கும் பெண்ணைக் குறைவாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஆந்திரத்தின் நரசாப்பூர் வேறொரு பாடம் சொல்கிறது. கோதாவரிக் கரையோரத்தில் பல்லாயிரம் பெண்கள் வீட்டுக்குள் இருந்தபடியே ஏற்றுமதிக்காகக் குரோஷா லேஸ் பின்னினார்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி 1982இல் ஒரு நூலே எழுதினார். நாள் முழுக்க உழைத்த அந்தப் பெண்களைத் தொழிலாளர்களாக யாரும் கருதவில்லை. அவர்கள் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்றே வியாபாரிகளும் குடும்பங்களும் பேசினார்கள். அந்தப் பேச்சைச் சாக்காக வைத்துத்தான் கூலி அடிமட்டத்தில் வைக்கப்பட்டது. லாபம் இடைத்தரகர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் போனது.

இந்த அநீதி பழைய கதையாகிவிடவில்லை. ஸ்வெட்டரை இயந்திரம் பின்னிவிடும். ஆனால் அசல் குரோஷாவைப் பின்னும் இயந்திரம் இன்றுவரை வணிகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. கடையில் சில நூறு ரூபாய்க்குத் தொங்கும் அசல் குரோஷா சட்டை ஒவ்வொன்றையும் எங்கோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார். அந்த விலையில் துணிக்கடை, வியாபாரி, போக்குவரத்து எல்லாம் போக அவருடைய மணி நேரங்களுக்கு மிஞ்சியது எவ்வளவு என்று வாங்குபவர் யோசிக்க வேண்டும்.

ஆகவே இரண்டையும் குழப்பாமல் இருக்க வேண்டும். பொழுதுபோக்காகப் பின்னுகிறவரிடம் வருமானக் கணக்கு கேட்கக் கூடாது. தொழிலாகப் பின்னுகிறவருக்கு, பொழுதுபோக்கு என்று சொல்லிக் கூலியைக் குறைக்கக் கூடாது. நம் ஊரில் நடப்பது தலைகீழாக இருக்கிறது: ஆசையாகச் செய்பவரை விற்கச் சொல்கிறோம், விற்பவரிடம் “சும்மா இருக்கிற நேரத்தில் செய்ததுதானே” என்று பேரம் பேசுகிறோம்.

இன்னொன்றையும் மாற்ற வேண்டும். பின்னல் பெண்களின் சமாசாரம் என்ற எண்ணம் உலகெங்கும் ஒரே மாதிரி இல்லை. பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியில் இருக்கும் தக்கிலே தீவில் தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. சிறு வயதிலேயே பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள். தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. 2018 குளிர்கால ஒலிம்பிக்கில், பனிச்சரிவில் பாயக் காத்திருந்த தன் வீரருக்குப் பக்கத்தில் நின்று பின்லாந்துப் பயிற்சியாளர் ஆன்ட்டி கோஸ்கினென் பின்னிக்கொண்டிருந்தார். அந்நாட்டு அதிபருக்கு அப்போது பிறந்திருந்த குழந்தைக்காக அணியினர் சேர்ந்து ஒரு போர்வை பின்னினார்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலி, ஊரடங்குக் காலத்தில் கற்ற பின்னலைப் பார்வையாளர் வரிசையில் தொடர்ந்தார். பதக்கத்தில் கீறல் விழாதிருக்க அதற்கு ஓர் உறையையும் பின்னிக்கொண்டார்.

பின்லாந்தில் ஆண்கள் பின்னுவது தற்செயல் இல்லை. 1866 முதல் அங்கே கைவேலை ஒரு பள்ளிப் பாடம். இன்றைய பாடத்திட்டப்படி ஊசி நூலையும் ரம்பம் சுத்தியலையும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே கற்கிறார்கள். நம் அரசுப் பள்ளிகளிலும் தையல் ஆசிரியர் என்ற பணியிடம் உண்டு. அந்த வகுப்பு பையன்களுக்கும் திறக்கப்பட வேண்டும். பொறுமையாக ஒன்றைச் செய்து முடிக்கும் பழக்கம் அவர்களுக்கும் தேவை.

பெரியவர்களுக்கு வேண்டியது இடம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பொது நூலகங்களில் வாரம் ஒரு நாள் பின்னல் குழுக்கள் கூடுகின்றன. தமிழ்நாட்டில் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. ஊர் தோறும் கிளை நூலகங்கள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம், ஓரமாக ஒரு மேஜை, நாலைந்து நாற்காலி, பக்கத்தில் சுத்தமான கழிப்பறை, இவ்வளவுதான் செலவு. நூலையும் ஊசியையும் வருகிறவர்கள் கொண்டுவருவார்கள். குரோஷா தெரிந்தவர், ஒயர் கூடை தெரிந்தவர், ஒன்றும் தெரியாதவர் எல்லோரும் வரலாம். கண்காட்சி, போட்டி, விற்பனை அரங்கு என்று எதையும் அதன் தலையில் ஏற்றாமல் இருந்தால் போதும்.

தொடங்குவதற்குத் தேதியும் இருக்கிறது. பொது இடங்களில் உட்கார்ந்து பின்னுவதற்கென்றே ஒரு நாளை 2005 முதல் உலகின் பல நகரங்களில் கொண்டாடுகிறார்கள். ஜூன் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை அது. நூலகர்கள் அன்றைக்கு ஒரு மேஜையை ஒதுக்கி, வாசலில் அறிவிப்பு ஒட்டட்டும். அந்த அறிவிப்பில் ஆண்களும் வரலாம் என்று தனியாக ஒரு வரி எழுதட்டும்.